கண்ணாடித் தொட்டியில் பட்டினி

பட்டினி போட்டுக் கொல்வதற்கென்றே காசு கொடுத்து ஓர் உயிரை வாங்குகிறவர்கள் நம்மிடையே உண்டா என்று கேட்டால், "இதென்ன அபசகுனமான கேள்வி!" என்று முகத்தைச் சுளிப்பீர்கள். உண்டு என்கிறேன். அவர்கள் கசாப்புக்காரர்கள் அல்லர், கொடியவர்களும் அல்லர். எறும்பு தின்னட்டும் என்று அரிசிமாவில் கோலம் போடுகிறவர்கள்; அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பிறகு சாப்பிடுகிறவர்கள். அவர்கள்தாம் வாங்குகிறார்கள். வாங்கிக் கூடத்தில் வைத்து, விளக்குப் போட்டு, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுகிறார்கள். அது நாளுக்கு நாள் வற்றிச் சாகிறது. செத்தால் இன்னொன்று வாங்குகிறார்கள்.

நான் சொல்வது வண்ணத்துப்பூச்சி மீனைப் பற்றி.

அது ஒரே ஒரு மீனின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். உலகத்து வெப்பக் கடல்களில் அந்தக் குடும்பத்தில் 120-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான உடம்பு. சாமணம்போல் நீண்டு கூர்ந்த சிறு வாய். மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று பட்டுப்புடவைக் கரைபோல் பட்டைகள். பெரும்பாலானவற்றில் ஒரு கறுப்புப் பட்டை கண்ணின் மேலேயே ஓடி, கண் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மறைத்துவிடும். சிலவற்றுக்கு வாலருகில் ஒரு பொய்க்கண்ணும் உண்டு. தலை என்று நினைத்து வாலைக் கவ்வ வருகிற எதிரியை ஏமாற்றிவிட்டு, மீன் எதிர்ப்பக்கமாக ஓடித் தப்பிக்கும். இத்தனை சாமர்த்தியமும் கடலில் செல்லும். கண்ணாடித் தொட்டியில் செல்லாது.

இந்தக் குடும்பத்தில் எட்டுப்பட்டை மீன் என்று ஒன்று உண்டு. வெளிறிய மஞ்சள் உடம்பில் மேலிருந்து கீழாக எட்டுக் கறுப்புக் கோடுகள். முழு வளர்ச்சியிலும் சுமார் 12 சென்டிமீட்டர்தான். பெர்லின் நகரத்து வைத்தியர் மார்க்குஸ் எலீசர் பிளாக் 1787-இல் இதை விவரித்துச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். அந்த பிளாக்குக்கு நம் தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது உபரிச் செய்தி. நம் கரைக்கும் மீன் சாஸ்திரத்துக்கும் அவ்வளவு பழைய உறவு. பெயர் வைத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது என்ன தின்னும் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அது பவளத்தைத் தின்னும். வேறொன்றையும் தின்னாது.

பவளப்பாறையைக் கல் என்று நாம் நினைக்கிறோம். கோடானுகோடிச் சின்னஞ்சிறு பிராணிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய குடியிருப்பு அது. மேலே மெல்லிய தோல்போல் படர்ந்திருப்பதே உயிருள்ள பகுதி. எட்டுப்பட்டை மீன் அந்த உயிருள்ள பகுதியைத்தான் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து என்று பொழுது விடிந்தது முதல் இருட்டும்வரை மேய்கிறது. ஒரே இடத்தில் நின்று மொட்டையடிப்பதில்லை. கொத்திய இடம் மறுபடி வளர்ந்துவிடும். வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். கணவனும் மனைவியுமாகத் தோட்டத்தில் கீரை கிள்ளுவதுபோல, வேரைப் பிடுங்காமல் இலையை மட்டும் கிள்ளி ஜீவனம் நடத்துகிற குடும்பம் அது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் எல்லாமே இப்படியல்ல. புழுவும் பாசியும் சிறு கூனிகளும் தின்னும் இனங்கள் உண்டு. அவற்றில் சில, கைதேர்ந்தவர் பராமரிப்பில் தொட்டியில் பிழைப்பதும் உண்டு. என் வழக்கு பவளந்தின்னிகளைப் பற்றியது. ஆனால் கடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில், ஒரே பெயரில், ஒரே உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். வழக்கின் முதல் குற்றச்சாட்டே அதுதான்.

குறிஞ்சிப்பாடியில் லுங்கி வியாபாரம் செய்கிற என் சிநேகிதர் ஒருவர் புது வீடு கட்டினார். கூடத்துக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே சுவருக்குப் பதிலாக ஒரு நீளமான கண்ணாடித் தொட்டி. உப்புநீர், நீல விளக்கு, குமிழி விடும் யந்திரம் எல்லாம் வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த ஆறேழு மீன்களில் எட்டுப்பட்டை ஒன்று. நான் போனபோது அது வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, நீங்களே பாருங்க. வந்த நாள்லேருந்து ஒரு வாய் தின்னலே. போடுறதெல்லாம் அடியில போய்க் கெடக்குது" என்றாள் சிநேகிதரின் மனைவி.

"கடைக்காரர் கிட்டே போன் போட்டுக் கேட்டேன். புது எடம், பழகிடும்னார். ரெண்டு நாள் தீனி போடாம விடுங்க, பசி எடுத்தா தானா தின்னும்னு சொன்னார்" என்றார் சிநேகிதர். பிறகு, "நம்ம பயல் மாதிரிதான், பிடிவாதம்" என்று சொல்லிச் சிரித்தார்.

தொட்டியின் நடுவில் அழகுக்காகச் சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்த பவளக்கொத்து ஒன்று நட்டிருந்தது. அந்த மீன் அதனிடம் போயிற்று. ஒரு கொத்துக் கொத்திற்று. விலகிற்று. வேறொரு கிளையில் கொத்திற்று. மறுபடியும் விலகிற்று.

"நாள்பூரா இதேதான் அண்ணே. அந்தப் பிளாஸ்டிக்கையே சுத்திச் சுத்திக் கொத்திக்கிட்டுக் கெடக்கு" என்றாள் அந்தப் பெண். அவள் சிரிக்கவில்லை. முதுகுப் பக்கம் சதை ஒடுங்கி, வயிறு உள்வாங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருபத்து மூன்றாம் நாள் அது செத்துப்போயிற்று. அடுத்த மீனுக்கு விலையில் கொஞ்சம் தள்ளித் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம்.

இதைக் கேட்டு அந்தத் தம்பதியை நீங்கள் கரித்துக்கொட்ட வேண்டாம். வடலூர் இந்தக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில்தான் இருக்கிறது. 1867-இல் இராமலிங்க அடிகள் அங்கே தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. வந்தவன் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்காமல் பசியை மட்டும் பார்த்துச் சோறு போடுகிற இடம். தைப்பூசத்துக்குத் தவறாமல் அங்கே அரிசி மூட்டை அனுப்புகிற வீடு என் சிநேகிதருடையது. பசி என்ற சொல்லின் அர்த்தம் அந்த வீட்டுக்குத் தெரியும். தெரிந்த வீட்டிலேயே, சாப்பிடும் மேஜைக்கு எதிரிலேயே, ஓர் உயிர் இருபத்து மூன்று நாள் பட்டினி கிடந்து செத்தது. நல்ல மனசு இருந்து என்ன செய்ய? அந்த மனசுக்குத் தெரியவேண்டிய ஒரே விஷயத்தை விற்றவர் சொல்லவில்லை. என் கோபம் அங்கேதான்.

"பசித்தால் தானே தின்னும்" என்ற அந்த வைத்தியத்தைப் பாருங்கள். மாட்டுக்கு முன்னால் மணலைக் கொட்டிவிட்டு, பசித்தால் தின்னும் என்று சொல்வாரா யாராவது? இது பிடிவாதமன்று. கடலில் பிறந்து, பவளத்தை மட்டுமே உணவென்று அறிந்து வளர்ந்த மீனுக்கு, நாம் போடுகிற உருண்டைத் தீனி தீனியாகவே தெரிவதில்லை. தின்னத் தொடங்குகிற ஒன்றிரண்டும் நாளடைவில் மெலிந்தே போகின்றன. பவளந்தின்னி மீன்கள் வீட்டுத் தொட்டிக்கு லாயக்கில்லை என்பது மீன் வளர்ப்பில் தேர்ந்தவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிற சங்கதி. ஆகவே கடைக்காரருக்குத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரியாவிட்டால் விற்கத் தகுதியில்லை. தெரிந்து விற்றால் வேறு பெயர் இருக்கிறது.

"சரி, உயிருள்ள பவளத்தையே வாங்கிப் போட்டுவிடுகிறோம்" என்பார் வசதியுள்ளவர். ஐயா, அங்கேதான் வேடிக்கை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவளங்களைச் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கிற அதே காவல் பவளத்துக்கும் உண்டு. நம் கடல் பவளத்தைப் பெயர்த்தாலும் விற்றாலும் சிறை. ஆக, இந்த மீனின் சோற்றைக் கடலிலிருந்து எடுத்து வந்து போடச் சட்டம் இடம் தராது. மீனை மட்டும் பாலித்தீன் பையில் காற்றடைத்துக் கட்டி ஊர் ஊராக அனுப்பலாம். சோற்றைப் பூட்டி வைத்துவிட்டு, உண்பவனை மட்டும் விலை கூறி விற்கிற விசித்திரம் இது.

அடுத்தபடியாக ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "நீர் மீன் தின்பதில்லையா? வஞ்சிரத்தைக் குழம்பு வைக்கிறபோது வராத இரக்கம் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். தின்கிறேன். கடலூர் முதுநகரில் விடியற்காலையில் கரைசேரும் மீனை ருசித்துத் தின்கிறவன்தான் நான். தின்பதற்காகப் பிடித்த மீன் வலையில் சில நிமிஷம் துடிக்கும், அதோடு முடிந்தது. ஒரு குடும்பத்தின் வயிறு நிறையும். இங்கே யாருடைய வயிறும் நிறையவில்லை. ஒரு மாதம் பட்டினி கிடந்து சாவதை நாலு பேர் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மாமிசம் தின்பதைப் பாவம் என்று கருதுகிற வீடுகளிலும் இந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதே கேள்வியை இன்னும் கொஞ்சம் உரக்கவே கேட்கலாம்.

"பிள்ளைகள் கடலைத் தெரிந்துகொள்ளட்டுமே" என்பது இன்னொரு சமாதானம். தெரிந்துகொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கடலூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் அரைமணி நேரப் பயணம். ஆனால் அந்தக் கடலில் ஏன் பவளத்திட்டு இல்லை என்று எந்தத் தொட்டி அவர்களுக்குச் சொல்லித் தந்தது? பவளத்துக்குத் தெளிந்த உப்புநீரும் வெயிலும் வேண்டும். தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டலைக் கொண்டுவந்து கலக்குகிற நம் கரையில் அது பாறையாக எழும்ப முடியாது. தெற்கே மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், தீவுகளைச் சுற்றி எழும்புகிறது. இதைச் சொன்னால் பிள்ளைக்குக் கடல் தெரியும். பிளாஸ்டிக்கைக் கொத்திக்கொண்டிருக்கிற மீனைக் காட்டினால், அழகான ஒன்றை வாங்கிவந்து சாகவிடலாம் என்பது மட்டும்தான் தெரியும்.

மன்னார் வளைகுடா என்றதும் "மீனவன் பிழைப்பு" என்ற வாதம் எழும். இது கனமான வாதம், தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வளைகுடாவின் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அங்கே 21 தீவுகள் உண்டு. பல வருஷங்களாகப் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றிச் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். வெட்டிய ஏழைக்கு அன்றைய கூலி. மிச்சமெல்லாம் வேறு யாருக்கோ. 1986-இல் அந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டுவது உடனே ஓய்ந்துவிடவில்லை. அலையைத் தடுத்து நின்ற பாறை போனது; பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. மீன் குஞ்சு பொரித்து வளர்கிற இடம் போனதால் நஷ்டப்பட்டவன் யார்? ஆலை முதலாளியா? கரையில் வலையோடு நிற்கிற மீனவன்தான். கண்ணாடித் தொட்டிக்கு மீன் பிடிக்கிற தொழிலிலும் இதே கணக்குத்தான். மூச்சடக்கி முங்குகிறவன் கையில் விழுவதற்கும், சென்னைக் கடையில் சீட்டு ஒட்டுகிற விலைக்கும் உள்ள தூரத்தை விசாரித்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களிலிருந்தே பவளத்தின் இடுக்கில் சயனைடு விஷத்தைப் பீய்ச்சி, மயங்கி வருகிற அலங்கார மீனை அள்ளினார்கள். மீன் தப்பினாலும் விஷம் பட்ட பவளம் தப்பவில்லை. உங்கள் வீட்டு மீன் எந்தக் கடலிலிருந்து, எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு; அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இந்த மீனுக்குக் கடலிலேயே பஞ்சம் வந்துவிட்டது. பவளப் பிராணியின் உடம்புக்குள் ஒருவகை நுண்பாசி குடியிருந்து, வெயிலைக்கொண்டு அதற்கு உணவு சமைத்துத் தருகிறது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்புபோல் வெளுக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா இப்படி வெளுத்திருக்கிறது. 2024 ஏப்ரலில், உலகத்துப் பவளப்பாறைகள் முழுவதும் நான்காவது முறையாக வெளுக்கின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்து எர்ன்ஸ்ட் ரீஸ் என்பவர் 1981-இலேயே எழுதினார்: பவளந்தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கவனித்தால் பாறையின் ஆரோக்கியத்தை அறியலாம் என்று. பவளம் குறைந்தால் இந்த மீன் குறையும். ஜோடிகள் இரைக்காக மேய்ச்சல் எல்லையை விரிக்கும். நாடி பிடித்துப் பார்ப்பதற்குரிய மணிக்கட்டு போன்றது அந்த மீன். அங்கே பஞ்சத்தில் மிச்சமிருப்பதைப் பிடித்துவந்து இங்கே பட்டினி போடுகிறோம்.

அப்படியானால் மீனே வளர்க்கக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக வளருங்கள். சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் நன்னீர் வண்ண மீன்களைத் தொட்டியிலேயே பெருக்கிப் பிழைக்கின்றன. பெருக்கியவனுக்கும் சோறு, மீனுக்கும் சோறு. கடல் மீன்தான் வேண்டுமென்றால் நம் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே வெள்ளாற்றின் கழிமுகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டினார்கள். அது போட்ட தீனியைத் தின்னும். கடலில் ஒரு பாறைக்கும் சேதமில்லை. வண்ணத்துப்பூச்சி மீன் அப்படி எளிதில் வசப்படாது. அதன் குஞ்சு, தலையில் எலும்புக் கவசம் பூண்டு, வாரக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து திரிந்துவிட்டுத்தான் பாறைக்கு வந்து சேர்கிறது. கடைக்கு வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடித்தவையே. ஒன்று செத்தால் கடலில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம்.

நான் கேட்பது பெரிய புரட்சியன்று. மருந்துக் குப்பியில் என்ன மருந்து, எந்தத் தேதிவரை செல்லும் என்று அச்சிடாமல் விற்க முடியாது. ஊறுகாய்ப் புட்டியில்கூட உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதியிருக்கிறது. உயிருள்ள மீனை விற்கிற தொட்டியில் மட்டும் விலைச் சீட்டைத் தவிர ஒன்றுமில்லை. அதன் பெயர் என்ன, எந்தக் கடலில் பிடித்தது அல்லது எங்கே பெருக்கியது, அது எதைத் தின்று வாழும் என்ற மூன்று வரியை அங்கே எழுதியே தீரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போடட்டும். பவளத்தை மட்டுமே தின்னும் இனங்களை வீடுகளுக்கு விற்பதை அறவே தடுக்கட்டும். பவளத்தைக் காக்கிற சட்டம் இருக்கிற நாட்டில், அதை நம்பி வாழ்கிற மீனுக்கு இரண்டு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. அடுத்த முறை மீன் கடைக்குப் போனால், விலையைக் கேட்பதற்கு முன்னால், "இது கடலில் என்ன தின்னும்?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால், அந்தச் சோற்றை உங்கள் வீட்டில் போட முடியுமா என்று யோசியுங்கள். "எல்லாம் தின்னும் சார், பழகிடும்" என்று பதில் வந்தால், ஒன்றும் வாங்காமல் படியிறங்கி வந்துவிடுங்கள்.